ஐந்து வார லீவுக்கு எந்த ஆபீஸ்? ஈரோட்டு ஆடிட்டரா, திருப்பூர் எக்ஸ்போர்ட்டா, சரவணம்பட்டியா?

என் அக்கா மகள் பெருந்துறையிலிருந்து தினமும் போய்வந்து பி.காம். சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், ஆடிட்டர் படிப்பு இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு அப்புறம் வருத்தப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே 14 அவளுக்குக் கடைசிப் பரீட்சை, ஜூன் 18 காலேஜ் திறப்பு. நடுவில் சரியாக ஐந்து வாரம். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "சித்தி, இந்த லீவுல எங்காச்சும் இன்டர்ன்ஷிப் போலாம்னு இருக்கறேனுங்க. மூணு இடம் கேட்டு வெச்சிருக்கறேன். எதுக்குப் போறது?"

அவள் சொன்ன மூன்று இடங்கள் இவை. ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், மாதம் 3,000 ரூபாய் தருவார்கள். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் பிரிவு, அதாவது ஆர்டர் வாங்கியதிலிருந்து சரக்கு கப்பலேறும் வரை கவனிக்கும் பிரிவு, அங்கே 6,000. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஓர் ஐடி கம்பெனி, பணம் கிடையாது, ஆனால் பெயர் பெரிது. இது போக அக்காவுக்கு ஓர் ஆசை: மாமாவின் அண்ணன் சென்னிமலையில் தறி வைத்து பெட்ஷீட் வியாபாரம் செய்கிறார், அந்த ஆபீஸிலேயே உட்காரட்டும், பெண் பிள்ளை ஊர் தாண்டிப் போக வேண்டாம் என்று.

நான் திருப்பூரில் பதினோரு வருஷமாக மெர்ச்சண்டைசர். அதனால் எங்கள் ஊருக்கே வரச் சொல்லுவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் ஈரோடு போகச் சொன்னேன். அதற்கான காரணத்தை அவளுக்குப் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியோடு இந்த மே மாதம் உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

இன்டர்ன்ஷிப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டு கேள்வி: எவ்வளவு தருவார்கள், கம்பெனி பெயர் ரெஸ்யூமேயில் எப்படித் தெரியும். இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் கையில் எத்தனை நாள் இருக்கிறது, அந்த ஆபீஸின் வேலை ஒரு சுற்று முடிய எத்தனை நாள் ஆகும்? தொடங்கின வேலை முடிவதைக் கண்ணால் பார்த்தவள்தான் அதைக் கற்றுக்கொள்கிறாள். நடுவில் வந்து நடுவிலேயே போகிறவளுக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ்.

ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுற்று ஒரு மாதம். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து அந்த ஆபீஸ்களின் காலண்டரே தேதிகளால் ஆனது. 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதிக்குள் போன மாத விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன். 14-ஆம் தேதி 2பி வரும், அதாவது நமக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல். 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்னைப் போட்டு வரியைக் கட்ட வேண்டும். மே கடைசியில் நான்காம் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் வேறு. ஆக, மே நடுவில் சேர்ந்து ஜூன் நடுவைத் தாண்டும் ஒரு மாணவிக்கு, ஒரு கடையின் ஒரு மாதக் கணக்கு பில்லாக உள்ளே வந்து ரிட்டர்னாக வெளியே போகும் வரை முழுதாகப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்தால் கொங்கு நாட்டுப் பிழைப்பு முழுதும் அந்த மேஜைக்கு வந்து சேரும். மஞ்சள் மண்டிக்காரர் துணிப்பையில் பில்களைக் கொண்டுவந்து கொட்டுவார். பச்சை மஞ்சளுக்கு வரி இல்லை, வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சளுக்கு 5 சதவீதம் என்பதை வகுப்பில் படித்தால் மறந்துபோகும், அந்தப் பையிலிருந்து எடுத்துப் பதிவு செய்தால் மறக்காது. சங்ககிரி லாரிக்காரர் வருவார். பத்து லாரி வரை வைத்திருப்பவர் பில் பில்லாகக் கணக்கு எழுதாமல், வண்டி எத்தனை டன், எத்தனை மாதம் வைத்திருந்தார் என்பதைக் கொண்டே உத்தேச வருமானம் காட்டலாம் என்று அவர் மூலம் தெரியும். காங்கேயம் தேங்காய் எண்ணெய் மில், பவானி ஜமுக்காள வியாபாரி, சித்தோடு பக்கத்துத் துணிக் கடை, ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாடம். சரக்கு அனுப்பும்போது தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு, மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் போனாலே வேண்டும் என்பது போன்ற விஷயங்கள் அங்கே பேச்சோடு பேச்சாகக் காதில் விழும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அங்கே இரண்டாம் நாளே சொந்தமாக ஒரு வேலை கையில் கிடைக்கும். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஒரு பில்லைத் தப்பாகப் போட்டால் சீனியர் பார்த்துத் திருத்தச் சொல்லுவார், அவ்வளவுதான். தப்பின் விலை குறைவு. அதனால் நம்பிக் கொடுக்கிறார்கள். 2பி பட்டியலையும் நம் கொள்முதல் பில்களையும் வரிசையாகச் சரிபார்க்கச் சொல்லுவார்கள். ஒரு சப்ளையர் ரிட்டர்ன் போடாமல் விட்டிருப்பார், நம் பார்ட்டிக்கு, அதாவது நம்மிடம் கணக்குக் கொடுத்த கடைக்காரருக்கு, வரவேண்டிய வரிக் கழிவு நிற்கும். உடனே போனை எடுத்து, "அண்ணா, உங்க பில் இன்னும் 2பி-ல வரலீங்க, கொஞ்சம் பார்த்து ஃபைல் பண்ணிருங்க" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச வேண்டும். காலேஜில் மூன்று வருஷம் கம்யூனிகேஷன் வகுப்பு இருந்தும் வராத தைரியம் எனக்கு அப்படிப்பட்ட பத்துப் போன்களில் வந்தது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. நான் படிக்கும்போது ஒரு லீவில் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றுக்குப் போனேன். மூன்று வாரம் ஜெராக்ஸ் எடுத்தேன், ஃபைலுக்கு நம்பர் ஒட்டினேன், டீ வாங்கி வந்தேன். நான்காவது வாரம் அங்கிருந்த ஓர் அக்கா என்மேல் இரக்கப்பட்டு ஓர் அரிசிக் கடைக் கணக்கைக் கொடுத்தார். அந்த ஒரு வாரத்தில் கற்றதுதான் இன்றுவரை நிற்கிறது. எனவே சேரும் முன்பே மரியாதையாகக் கேட்டுவிட வேண்டும்: "சார், எனக்குன்னு ரெண்டு பார்ட்டி கணக்கு தருவீங்களா? நான் போடறதை யார் பார்த்துத் திருத்துவாங்க?" இரண்டாவது கேள்விக்கு ஓர் ஆளின் பெயரைச் சொல்லும் ஆபீஸ் நல்ல ஆபீஸ். "எல்லாரும் இருக்காங்கம்மா, பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

உண்மையிலேயே ஆடிட்டர் ஆக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த லீவு வேலை ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் ஆக எடுக்க வேண்டிய கட்டாயப் பயிற்சி, கணக்கில் சேராது. 2023 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள முறைப்படி ஆடிட்டர் படிப்பின் இன்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு குரூப்பும் தேறிய பிறகுதான் அந்தப் பயிற்சி தொடங்கும், அது இரண்டு வருஷம். பயிற்சியின்போது வேறு டிகிரி படித்தால் அதற்கென்று அனுமதி வாங்க வேண்டும், வகுப்பு நேரம் ஆபீஸ் நேரத்தோடு மோதக் கூடாது. லீவில் போய் உட்காருவதால் கிடைப்பது, அந்த வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்ற தெளிவு. அதற்கே மதிப்பு உண்டு.

இனி திருப்பூர். நான் சோறு உண்ணும் ஊர், அதைப் பற்றி மனசார எழுத வேண்டும்.

மெர்ச்சண்டைசிங் மேஜையில் உட்காருவது போல வேறெங்கும் உலகம் திறக்காது. ஜெர்மனியில் ஒரு பையர் டிஷர்ட்டுக்கு நிறத்தின் நம்பரை அனுப்புவார். நாம் டையிங்கில் லேப் டிப், அதாவது அந்த நிறத்தில் சாயம் ஏற்றிய சின்ன மாதிரித் துணி, போடச் சொல்லி மூன்று துண்டு அனுப்புவோம், அவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயம் ஏற்றி, காம்பாக்டிங் முடித்து, கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று அது பெட்டிக்குள் போய் தூத்துக்குடி சேரும் வரை ஒவ்வொரு படியும் ஒவ்வொரு கம்பெனியில், ஒவ்வொரு தெருவில் நடக்கும். சதுர மீட்டருக்கு 180 கிராம் (ஜிஎஸ்எம்) கேட்ட துணி 170-ஆக வந்தால் கையில் தொட்டே சொல்லும் மாஸ்டர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒரு டஜனுக்கு எத்தனை கிலோ துணி, சாயத்தில் எவ்வளவு கழியும், தையலுக்கு என்ன ரேட், மூட்டை கட்டிக் கப்பலேற்றும் வரை என்ன செலவு என்று காஸ்டிங் போடத் தெரிந்துவிட்டால் எந்தத் தொழிலுக்கும் விலை போடலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்று அறிவித்து அமலுக்குக் கொண்டுவந்த நாட்களில், ஆர்டரை நிறுத்தி வை, விலையைத் திரும்பப் போடு என்று மெயில்கள் வந்தன. அன்று மேஜையில் யாருக்கு மதிப்பு என்றால், கணக்குத் தெரிந்த மெர்ச்சண்டைசருக்கு.

பிறகு ஏன் அவளை வர வேண்டாம் என்றேன்? சுற்றுதான் காரணம். ஆர்டர் உறுதியாவதிலிருந்து ஷிப்மென்ட் வரை இரண்டு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். சாம்பிள் காலத்தையும் சேர்த்தால் இன்னும் நீளும். ஐந்து வாரத்துக்கு வரும் பிள்ளை ஒரு ஸ்டைலின் லேப் டிப்பைப் பார்ப்பாள், இன்னொன்றின் பேக்கிங்கைப் பார்ப்பாள், இரண்டையும் இணைக்கும் நடுப்பகுதி தெரியாமலே போவாள். அதோடு இங்கே தப்பின் விலை அதிகம். ஒரு சைஸ் லேபிளை மாற்றி எழுதினால் பத்தாயிரம் பீஸைப் பிரித்து மறுபடி பேக் செய்ய வேண்டி வரும். அதனால் புதிதாக வந்த பிள்ளையை நம்பி எதையும் கொடுக்க மாட்டோம், சாம்பிளை எடுத்துக்கொண்டு பிரிண்டிங்குக்கும் எம்ப்ராய்டரிக்கும் அலைய வைப்போம். இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. வேலை அப்படிப்பட்டது.

நேரமும் ஒரு பிரச்சினை. ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அவர்கள் மெயில் திறக்கும் நேரத்தில்தான் நமக்கு வேலையே சூடு பிடிக்கும். ஊரே ஒன்றரை ஷிப்ட்டுக்குப் பழகியது, இரவு எட்டரை வரை மிஷின் ஓடும். அதற்கு மேல் செங்கப்பள்ளி வழியாகப் பெருந்துறைக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து தோட்டத்து வீட்டுக்குப் போவது ஐந்து வாரம் தினமும் முடிகிற காரியமா? ஈரோட்டுக்கு டவுன் பஸ்ஸில் போனால் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை, ஆறரைக்கு ஆபீஸ் முடிந்தால் நேரத்தோடு வீடு. 6,000-க்கும் 3,000-க்கும் உள்ள வித்தியாசத்தில் வெளியூர் பஸ் டிக்கெட்டையும் மதியச் சாப்பாட்டையும் கழித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஆனால் கடைசி செமஸ்டரில் புராஜெக்டுக்கு மூன்று நான்கு மாதம் கிடைக்கும் பிள்ளைக்கு என் பதில் தலைகீழ். அப்போது ஆடிட்டர் ஆபீஸ் வேண்டாம், ஒரே மாதத்தை நான்கு தடவை பார்ப்பது போலாகும். திருப்பூருக்கு வரட்டும். விடுதியில் தங்கி, ஓர் ஆர்டரை லேப் டிப்பிலிருந்து கன்டெய்னர் வரை கூடவே நடந்து பார்க்கட்டும். கணக்குத் தெரிந்துவிட்டு வந்தால் எங்கள் மேஜையில் அவளுக்கு முதல் வாரமே காஸ்டிங் ஷீட் கொடுப்பேன்.

சரவணம்பட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெருந்துறையிலிருந்து தினமும் போய்வர முடியாது, தங்க வேண்டும், தங்கும் செலவு நம்முடையது, கம்பெனி தருவது ஒன்றுமில்லை. பெரிய ஐடி கம்பெனிகளில் வாடிக்கையாளரின் சிஸ்டத்தைத் தொட இன்டர்னுக்கு அனுமதி எளிதில் கிடைக்காது, அது நியாயமும்கூட. ஐந்து வாரத்தில் முதல் இரண்டு வாரம் டிரெய்னிங் வீடியோ, அடுத்தது யாரோ முன்பே முடித்த ஒரு மாதிரி வேலையைத் திரும்பச் செய்வது என்று போய்விடும். கோடிங் ஓரளவு கைவந்த பி.எஸ்சி., இன்ஜினியரிங் பிள்ளைகள், ஒரு செமஸ்டர் முழுதும் கையில் இருந்தால், சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியாகப் பார்த்துப் போகலாம். பத்துப் பேர் இருக்கும் கம்பெனியில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நிறையக் கிடைக்கும். என் அக்கா மகளுக்கு இது இப்போது பொருந்தாது.

வாட்ஸ்ஆப்பில் வரும் ஆன்லைன் இன்டர்ன்ஷிப் பற்றியும் கேட்டாள். ஆயிரத்து ஐந்நூறு கட்டினால் ஆஃபர் லெட்டர், நான்கு டாஸ்க், ஒரு சான்றிதழ். கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் காசுக்குப் புராஜெக்ட் செய்து தருவதன் இன்னொரு வடிவம்தான் இது. வேலை கற்றுக்கொள்ள நாம் பணம் கட்டுகிறோம் என்றால் அங்கே நாம் வாடிக்கையாளர். வேண்டவே வேண்டாம் கண்ணு என்றேன்.

சென்னிமலையில் இருக்கும் அவள் பெரியப்பாவின் கம்பெனியைப் பற்றித்தான் நான் மிகவும் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் தொழில் வளர்ந்ததே சொந்தபந்தத்தால். மாமன் மச்சான் முதல் போட்டு, பங்காளி ஜாமீன் நின்று, ஒரு தறி நான்கு தறியாகி, ஒரு பட்டறை கம்பெனியான கதை கோயம்புத்தூரிலிருந்து கரூர் வரை வீட்டுக்கு வீடு உண்டு. அதனால் சொந்தக்காரர் கம்பெனியைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. பெரியப்பா நல்ல மனிதர், தொழிலில் முப்பது வருஷம் நின்றவர். அதுதான் சிக்கலும். அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளையை அவர் திட்ட மாட்டார். கணக்கு எழுதும் குமாஸ்தா அண்ணன், முதலாளி வீட்டுப் பிள்ளை என்று எழுந்து நின்று பேசுவார், தப்பைச் சுட்டிக் காட்ட மாட்டார். மதியம் பெரியம்மா வீட்டுக்கு வா என்று கூப்பிடுவார், சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணி. பாசம் நிறையக் கிடைக்கும், திருத்தம் கிடைக்காது. நான் அக்காவிடம் சொன்னது இது: முதலில் முகம் தெரியாத இடத்தில் ஒரு மாதம் திட்டு வாங்கட்டும், அடுத்த லீவில் பெரியப்பா ஆபீஸுக்கு ஜிஎஸ்டி போடத் தெரிந்தவளாகப் போகட்டும். அப்போது குமாஸ்தா அண்ணனே அவளிடம் சந்தேகம் கேட்பார்.

அரசுத் திட்டங்களை நம்பிக் காத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தரும் ஒரு வருஷப் பயிற்சியாக இருந்தது. ஆனால் தொடங்கியபோதே முழுநேரம் படிக்கிறவர்கள் அதில் சேர முடியாது என்று விதி வைத்தார்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் பட்டதாரிப் பயிற்சியும் டிகிரி கையில் வந்தவர்களுக்கு. இரண்டும் நல்லவை, ஆனால் இந்த மே மாதத்துக்கு உதவாது.

எந்த ஆபீஸுக்குப் போனாலும் மாறாத சில விஷயங்கள் உண்டு. ஸ்டைபெண்ட் போட பேங்க் கணக்கு நம்பர் போதும். பான் கார்டு, ஆதார் நகலைக் கொடுத்து வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாலோ, போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டாலோ அன்றே வெளியே வந்துவிட வேண்டும். அப்பாவிகளின் பானில் போலி ஜிஎஸ்டி பதிவு எடுத்து, கடைசியில் அவர்கள் வீட்டுக்கு வரி நோட்டீஸ் வந்த கதைகள் நம் பக்கத்திலேயே நடந்திருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று: பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வந்தவர்களையும் காக்கிறது, சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். பத்துப் பேருக்குக் குறைவான ஆபீஸ் என்றால் புகாரை மாவட்ட அளவிலான குழுவிடம் கொடுக்கலாம். "நீ இங்கே ஸ்டாஃப் இல்லையே" என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது.

இதெல்லாம் சொல்லி முடித்த பிறகு அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "சித்தி, காலேஜ் 18-ஆம் தேதி திறக்குது. 3பி 20-ஆம் தேதிங்கறீங்க. கடைசி ரெண்டு நாள் இல்லாம வந்துட்டா சுத்து முடியாதில்லீங்களா?"

முடியாதுதான். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆடிட்டர் சாரிடம் பேசி, தனக்குத் தரும் இரண்டு பார்ட்டிகளின் 3பியை 17-ஆம் தேதியே போட்டுவிட அனுமதி கேட்டிருக்கிறாள். 14-ஆம் தேதி 2பி வந்துவிடும், நடுவில் மூன்று நாள் இருக்கிறது, பில்லெல்லாம் முன்கூட்டியே பதிவாகி இருந்தால் போதும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கடைக்காரர்கள் 16-ஆம் தேதிக்குள் வரிப் பணத்தைத் தயாராக வைத்தால் சரி, அவர்களிடம் நீயே போன் போட்டுக் கேள் என்றாராம். மே 15 காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.